கோயிற்பற்றின் பயிலுநர்: இங்கிலாந்தின் உள்ளூராட்சியும் தொழிற்பயிற்சி நிதியும்

தொழிற்பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மத்தியகாலக் கைவினைக் குழுக்களிலிருந்தே தொடங்குவர். ஆசானின் இல்லத்தில் ஏழாண்டு தங்கிக் கற்று, பின்னர் தானும் வினைஞனாகும் இளைஞனே அவ்வரலாறுகளின் நாயகன். ஆனால் இங்கிலாந்தில் உள்ளூராட்சி அமைப்பொன்றின் பொறுப்பில், பொதுப்பணத்தைக் கொண்டு பெருந்தொகையாகப் பயிலுநராக்கப்பட்டோர் அவ்விளைஞர் அல்லர், வறியோரின் பிள்ளைகளே. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது பயிற்சி நிதி பற்றிப் பேசுவதாற் பயனில்லை என்பது எமது கருத்து.

1563ஆம் ஆண்டின் கைவினைஞர் சட்டம் ஏழாண்டுப் பயிற்சியை நாடு முழுவதற்குமான விதியாக்கிற்று. 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டமோ அதே வடிவத்தை வேறொரு தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது. கோயிற்பற்றின் மேற்பார்வையாளர், நீதவான்கள் இருவரின் சம்மதத்துடன், பெற்றோராற் பேணவியலாத பிள்ளைகளைப் பயிலுநராகக் கட்டிவிடலாம். ஆண் 24 வயது வரையும், பெண் 21 வயது அல்லது திருமணம் வரையும் கட்டுண்டிருத்தல் வேண்டும். (ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தை அறிந்தோர்க்குக் கோயிற்பற்று என்ற சொல் புதிதன்று. ஆயின் ஆங்கிலக் கோயிற்பற்று வறியோரைப் பேணுதற்கென வரி அறவிடும் உள்ளூராட்சி அலகாகவும் இயங்கியமை ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.)

செலவு வறியோர் வரியிலிருந்து வந்தது. நிலமும் வீடும் வைத்திருந்தோர் அவ்வரியைச் செலுத்தினர். அவர்களுள்ளிருந்தே மேற்பார்வையாளரும் தெரிவாயினர். அடிப்படை முரண்பாடு இங்கேதான் உள்ளது. பயிற்சிக்கெனச் செலவிடப்பட்ட பணத்தின் உண்மையான நோக்கம், எதிர்காலத்திற் செலவிட வேண்டியதைக் குறைப்பதாகும். 1691ஆம் ஆண்டுச் சட்டம் பயிலுநர் கட்டுண்டு வதியும் கோயிற்பற்றிலேயே அவருக்கு வதிவுரித்து உண்டென வகுத்தது. ஆகவே பிள்ளையை அயற் கோயிற்பற்றிலுள்ள ஒருவரிடம் சிறுதொகைப் பணத்தோடு ஒப்படைத்துவிட்டால், அப்பிள்ளையின் வாழ்நாள் வறுமையும் அயலாரின் கணக்கிற் சேர்ந்துவிடும். 1697 முதல், ஒதுக்கப்பட்ட பிள்ளையை ஏற்க மறுத்தவருக்கு 10 பவுண் தண்டம் விதிக்கவும் இடமிருந்தது. கற்பிக்க விரும்பாதவரிடம் கற்க அனுப்பப்பட்ட பிள்ளை எதனைக் கற்றிருக்கும்?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நீர்விசையால் இயங்கிய பருத்தியாலைகள் நகரங்களிலிருந்து விலகிய ஆற்றோரங்களில் எழுந்தபோது, இம்முறைமை புதியதொரு சந்தையைக் கண்டது. ஆலைக்கு மலிவான கைகள் தேவைப்பட்டன. இலண்டன் கோயிற்பற்றுக்களுக்கோ பிள்ளைகள் சுமையாயினர். 1799இல் சென் பாங்கிராஸ் வறியோர் இல்லத்திலிருந்து நொட்டிங்ஹாமுக்கு அண்மையிலிருந்த ஆலையொன்றுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 80 பிள்ளைகளுள் ஏழு வயதளவினனான ரொபேட் பிளிங்கோவும் ஒருவன். அவன் பின்னர் டார்பிஷயரின் லிட்டன் ஆலைக்கு மாற்றப்பட்டான். பொரித்த மாட்டிறைச்சி கிடைக்கும், முதலாளியின் குதிரைகளில் ஏறலாம், வெள்ளிக் கடிகாரம் அணியலாம் என்றெல்லாம் பிள்ளைகளுக்குக் கூறப்பட்டதாக 1832இல் தனிநூலாக வெளிவந்த அவனது வாழ்க்கை வரலாறு தெரிவிக்கின்றது. அங்கு கிடைத்தவை நீண்ட வேலைநேரமும் அடியும் பசியுமே. 1815இல் பிரான்சிஸ் ஹோணர் பொதுமக்கள் சபையில் ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டினார்: இருபது நற்சுகமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு மனவளர்ச்சி குன்றிய பிள்ளை என்ற விகிதத்தில் ஏற்றுக்கொள்ள லங்காஷயர் முதலாளியொருவர் இலண்டன் கோயிற்பற்றொன்றுக்கு உடன்பட்டிருந்தார். மூலதனத்தின் முதலாவது பாகத்தில், கைத்தொழில் முதலாளியின் தோற்றத்தை ஆராயுமிடத்து, ஜோன் பீல்டனை ஆதாரமாகக் கொண்டு மார்க்ஸ் இப்பிள்ளைகளைப் பற்றி எழுதியமை தற்செயலன்று.

எல்லாக் கோயிற்பற்றுக்களும் ஒரேவிதமாக நடந்துகொண்டன என்று நாம் கூறவில்லை. சில கோயிற்பற்றுக்கள் தாம் அனுப்பிய பிள்ளைகளின் நிலையைப் பின்னரும் விசாரித்து வந்தமையைக் கத்ரினா ஹனிமன் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. எனினும் தனிமனிதரின் கரிசனை நிதியின் தர்க்கத்தை மாற்றிவிடவில்லை.

இலக்கிய மாணவர்க்கு ஒலிவர் ட்விஸ்ட் (1837-39) இங்கு பயன்படும். ஒலிவரை ஏற்பவருக்கு 5 பவுண் தரப்படும் என அறிவித்தல் ஒட்டப்படுகின்றது. புகைபோக்கி துப்புரவாக்கும் காம்பீல்ட் வர, சபையார் பேரம்பேசித் தொகையை மூன்றரைப் பவுணாகக் குறைக்கின்றனர். பயிற்சி நிதியின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய பக்கங்கள் அரிது. ஆனால் ஒலிவரை மீட்பது எது? மைக்கூட்டைத் தேடிய முதிய நீதவானின் கண்களிற் பிள்ளையின் அச்சம் நிறைந்த முகம் தற்செயலாகப் பட்டுவிடுவதே. பேரத்தின் அமைப்பைத் தெளிவாகக் கண்ட டிக்கன்ஸ், விடுதலையை ஒரு கிழவரின் இரக்கத்திடம் விட்டுவிடுகின்றார். பிளிங்கோவின் வரலாறோ நேர்மாறானது: வறியோர் இல்லத்திலிருந்து வெளியேற வேண்டுமென்ற ஏக்கத்தால், புகைபோக்கித் துப்புரவாளர் பிள்ளைகளைத் தெரிய வந்தபோது தன்னையே தெரியமாட்டார்களா என அவன் ஆசைப்பட்டான். அவர்கள் அவனைத் தெரியவில்லை. யதார்த்தம் நாவலைவிடக் கொடியதாக இருந்தது.

1802ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைப் பயிலுநரின் வேலைநேரத்தை 12 மணித்தியாலமாக வரையறுத்து, எழுத்தும் எண்ணும் கற்பிக்கப் பணித்தது. அதனைக் கொணர்ந்த மூத்த ரொபேட் பீல் தாமே ஆலை முதலாளி. நடைமுறையில் அது வலுவற்றிருந்தது. 1814இல் கைவினைஞர் சட்டத்தின் பயிற்சி விதிகள் நீக்கப்பட்டன. 1816இல் இலண்டன் பிள்ளைகளை 40 மைலுக்கு அப்பால் அனுப்புதல் தடுக்கப்பட்டது. 1889இன் தொழினுட்பப் போதனைச் சட்டத்தின் கீழேயே, ஒரு பவுண் பெறுமதிக்கு ஒரு பென்னி வரி அறவிட்டுக் கல்விக்கே செலவிடும் அதிகாரம் உள்ளூர்ச் சபைகளுக்குக் கிட்டியது. தொழிலாளரை அகற்றுவதற்கன்றி அவர்தம் அறிவுக்காக உள்ளூர் வரி செலவானது பெரும் மாற்றமாகும்.

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பயிலுநர் தீர்வையை 1799உடன் சமப்படுத்துவது வரலாற்றறிவின்மையாகும். இன்றைய பயிலுநர் கூலி பெறுபவர். தாமே ஒப்பந்தம் செய்பவர். ஆயினும் யாருடைய கணக்கு என்ற வினா நீங்கவில்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுணைத் தாண்டிய தொழில்தருநர், தாண்டிய தொகையில் 0.5 வீதத்தைச் செலுத்த வேண்டியவராயினர். உள்ளூராட்சிச் சபைகளும் இதற்கு விலக்கல்ல. அன்று வகுக்கப்பட்ட விதிப்படி அப்பணம் பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டுமே உரியது, பயிலுநரின் கூலிக்கு உதவாது. 24 மாதத்துட் செலவிடாவிடிற் காலாவதியாகும். மத்திய அரசின் மானியங்கள் 2010 முதல் வெட்டப்பட்டு, ஆட்குறைப்பில் ஈடுபட்டிருந்த சபைகளிடமே, 2021 வரை ஆண்டுதோறும் தம் ஊழியருள் சராசரி 2.3 வீதத்தினரைப் பயிலுநராகச் சேர்க்கும் இலக்கும் வைக்கப்பட்டது. கூலிக்குப் பணமில்லாத சபை புதியோரைச் சேர்ப்பதெங்ஙனம்? ஏற்கெனவே பணியிலிருந்தோரைப் பயிலுநராகப் பதிந்துகொள்வது எளிய வழியாயிற்று. சபையே தொழில்தருநராகவுள்ள பாடசாலைகளின் சம்பளமும் சபையின் கணக்கிற் சேர்க்கப்பட்டமையால், ஒருசில ஆசிரியரை மட்டுமே கொண்ட கிராமத்துப் பாடசாலையின் சம்பளத்தின் மீதும் தீர்வை விழுந்தது. அதேயளவான, தனியே நிருவகிக்கப்பட்ட பாடசாலை ஒரு சதமும் செலுத்தவில்லை.