ஐந்து டாலர் போர்வை

வரலாறு எழுதுவோர் ஆவணத்தை நம்புவர். இலக்கியம் படித்தவர்களாகிய நாம் பனுவலை நம்புகிறோம். எழுத்தாக அன்றித் துணியாக ஒரு வாழ்க்கை கிடைக்கும்போது அதை எப்படி வாசிப்பது? சில ஆண்டுகளாக என்னை விடாமல் தொடரும் இந்தக் கேள்விக்குக் காரணம் ஹாரியட் பவர்ஸ் என்னும் பெண்மணி.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற ஊருக்கு அருகே (கிரேக்கத்து ஏதென்ஸ் அன்று) 1837ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரின் முடிவில் விடுதலை பெற்றார். கணவர் ஆர்ம்ஸ்டெட் பவர்சோடு சிறு உழவராக வாழ்ந்து, 1880களில் நான்கு ஏக்கர் அளவு நிலத்துக்கு உரிமையாளருமானார். அவர் கைப்படத் தைத்த போர்வைகளுள் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில்.

'கில்ட்' என்று அவர்கள் சொல்வதை நம் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையின் தூரத்து உறவு எனலாம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு. மூன்றையும் சேர்த்து ஓடும் தையல். பவர்ஸ் செய்தது இன்னும் ஒருபடி மேல். மனிதர், விலங்கு, விண்மீன் ஆகிய உருவங்களைத் துணியில் வெட்டி, மேல்துணியின் மீது வைத்துத் தைத்தார். கையாலும் தைத்திருக்கிறார், இயந்திரத்தாலும் தைத்திருக்கிறார். முதல் போர்வையில் பதினொரு கட்டங்கள். ஏதேன் தோட்டம், காயீன் ஆபேலைக் கொல்வது, யாக்கோபின் கனவு, முப்பது வெள்ளிக்காசுகளோடு யூதாஸ், கடைசி இராவுணவு என்று விவிலியம் கட்டங்கட்டமாக விரிகிறது.

அந்நாட்டுத் தென்மாநிலங்களின் ஆண்டுச் சக்கரத்தை அறிந்தால் இந்தப் போர்வை இன்னும் நெருங்கி வரும். ஜூலையில் பருத்திக்குக் கடைசிக் களையெடுப்பு முடிந்துவிடும். காய் வெடிக்கும்வரை காட்டில் பெரிய வேலையில்லை. கோடையின் அந்தச் சிறு ஓய்வில்தான் தேவாலயங்கள் எழுப்புதல் கூட்டங்களை நடத்தின. ஆற்றிலும் குளத்திலும் ஞானஸ்நானங்கள் நடந்தன. ஆகஸ்டு இறுதியில் காய்கள் வெடிக்கத் தொடங்கும். செப்டம்பர், அக்டோபர் முழுதும் பருத்தி எடுப்பு. கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த இடுப்பு வலியை நான் விளக்க வேண்டியதில்லை. எடுத்து முடித்துக் கடனை அடைத்தபின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பது இலையுதிர் காலத்தில்தான் தெரியவரும். குளிர் முன்னே நிற்கும், போர்வை வேண்டும். கோடையில் காதால் கேட்ட கதை குளிருக்குள் விரலுக்கு வந்து சேர்வதற்கான இடைவெளி அது. பவர்சின் முதல் போர்வையில் ஞானஸ்நானத்துக்கும் ஒரு கட்டம் உண்டு.

1886இல் ஏதென்சில் நடந்த பருத்திக் கண்காட்சியில் இந்தப் போர்வை வைக்கப்பட்டது. லூசி காப் நிறுவனத்தில் ஓவியம் கற்பித்த ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளை இனப் பெண்மணி அதைக் கண்டு வியந்து, தைத்தவரைத் தேடிப்போய் விலை கேட்டார். எந்த விலைக்கும் இல்லை என்றார் பவர்ஸ்.

அதன்பின் காலம் மாறியது. பருத்தி விலை சரிந்துகொண்டே வந்தது. 1890களின் தொடக்கத்தில் பவுண்டுக்கு ஏழெட்டு சென்ட். 1894இல் ஐந்து சென்ட்டுக்கும் கீழே. பவர்ஸ் தாமே சொல்லியனுப்பினார்: விற்கிறேன். அப்போது ஸ்மித்திடம் பணமில்லை. பிறகு, 1891 வாக்கில், அவர் வாங்க முன்வந்தபோது பவர்ஸ் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். போர்வையைச் சாக்குத்துணியில் பொதிந்து மடியில் வைத்திருந்தார். பத்து டாலர் கேட்டார். ஐந்துதான் தரமுடியும் என்றார் ஸ்மித். வெளியே சென்று கணவரிடம் கலந்து பேசினார். காலம் கெட்டுக் கிடக்கிறது, கொடுத்துவிடு என்றார் அவர். கொடுத்தார். ஐந்து டாலர் என்பது அன்றைய நிலவரத்தில் அறுபது எழுபது பவுண்டு பஞ்சின் விலை. ஒரு பொதியில் ஏழில் ஒரு பங்கு அளவே.

கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விளக்கினார். ஸ்மித் எழுதி வைத்துக்கொண்டார். அந்தக் குறிப்பு இல்லையென்றால் நம்மால் பாதியைக்கூடப் புரிந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் அதே குறிப்பில் பவர்சின் பேச்சைக் கொச்சை வழக்கில், எழுத்துகளைச் சிதைத்துப் பதிவு செய்திருக்கிறார் ஸ்மித். படிப்பவர் மனத்தில் ஓர் எழுத்தறியாக் கிழவியின் சித்திரம் எழும். நெடுங்காலம் உலகம் அப்படித்தான் நம்பியது.

2009இல் கைரா ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் தம் நூலில் ஒரு கடிதத்தை வெளிக்கொணர்ந்தார். 1896இல் பவர்ஸ் எழுதியது. பதினொரு வயதில் வெள்ளையர் வீட்டுக் குழந்தைகள் பாப்லர் இலையை வைத்து ஒலிகளைச் சொல்லிக் கொடுத்ததாகவும், பிறகு ஞாயிறுதோறும் தனியே போய்ப் படித்துப் பழகி விவிலியம் வாசித்ததாகவும் அதில் சொல்கிறார். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதை 1829லேயே சட்டமியற்றித் தடைசெய்த மாநிலம் அது. ஓலையில் எழுதிய மரபில் வந்தவர்களுக்கு இலை என்ற சொல் சற்றுக் கூடுதலாகவே ஒலிக்கும், எனக்கு ஒலித்தது.

1895க்கும் 1898க்கும் இடையில் தைத்த இரண்டாம் போர்வையையே நான் பெரிய ஆக்கமாகக் கருதுகிறேன். பதினைந்து கட்டங்கள். விவிலியத்தோடு வரலாறும் இதில் வந்து சேர்கிறது. 1780 மே 19 அன்று நியூ இங்கிலாந்துப் பகுதியில் பட்டப்பகலில் இருள் கவிந்தது. காட்டுத்தீயின் புகையே காரணம் என்பர் இன்றைய ஆய்வாளர். 1833 நவம்பர் 13 அன்று விண்மீன்கள் மழையாய்க் கொட்டின. முதலாவது அவர் பிறப்பதற்கு ஐம்பத்தேழு ஆண்டுகள் முந்தியது, அவர் ஊரிலும் நிகழவில்லை. அடுத்தது பிறப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்பு. இரண்டும் வாய்மொழியாகவே அவரை வந்தடைந்திருக்க வேண்டும். 1895 பிப்ரவரியின் கடுங்குளிர் நாள் மட்டும் அவர் காலத்தது. தொழுதவாறே உறைந்த பெண்ணும், மூச்சு உறைந்த கோவேறு கழுதையும், மதுக் குடுவையோடு உறைந்த ஆணும் அக்கட்டத்தில் நிற்கிறார்கள். ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை ஐந்நூறு மைல் ஓடிய பெட்ஸ் என்ற சுதந்திரப் பன்றிக்கும் இடம் உண்டு. அடிமைகள் வடக்கு நோக்கி ஓடிய திசையை அந்தப் பன்றியில் காண்கிறார்கள் சிலர். அப்படி வாசிக்கலாம்தான். எனினும் பன்றியைப் பன்றியாகவே விட்டால் பவர்சின் சிரிப்பும் கேட்கிறது.

இதே கவனத்தோடு, மேற்கு ஆப்பிரிக்கத் தகோமி மக்களின் ஒட்டுத்தையலோடு இவரை இணைக்கும் கருத்தையும் சொல்லவேண்டும். உருவ ஒற்றுமை உண்மை. அவருக்கு அது யார் வழி வந்தது என்பதற்குச் சான்றில்லை. வேரைத் தேடும் ஆவலில் பெண்ணின் சொந்தக் கற்பனையைக் கழித்துவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்குண்டு.

இந்த ஆண்டுகள் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. நிலம் சிறிது சிறிதாக விற்கப்பட்டது. கணவரும் 1890களின் நடுவில் பிரிந்து சென்றார். 1890களின் பிற்பகுதியில் எடுத்த புகைப்படம் ஒன்றில் மேலாடையாக அணிந்திருக்கும் துணியிலும் கதிரவனும் விண்மீன்களும் தைத்திருக்கிறார். 1910 ஜனவரி முதல் நாள் இறந்தார். ஏதென்சில் அவரது கல்லறைக் கல் 2005இல்தான் கண்டறியப்பட்டது; ஆண்டு சரியாகத் தெரிந்ததும் அதன்பின்தான்.

விற்ற பிறகும் முதல் போர்வையைப் பார்க்கப் பலமுறை ஸ்மித்தின் வீட்டுக்கு வந்திருக்கிறார். தம் அறிவு ஈன்ற குழந்தை என்று அதைச் சொன்னாராம். இரண்டாம் போர்வையைத் தைத்தபோது முதலாவது அவர் வீட்டில் இல்லை. இரண்டும் ஒரே கூடத்தில் முதன்முறையாகச் சேர்ந்து தொங்கியது 2021இல், பாஸ்டனில் நடந்த ஒரு கண்காட்சியில்.