சுவருக்காகத் திறந்த அறை

என் பேத்தி எல்.கே.ஜி. சேர்ந்த முதல் வாரம். கொண்டுபோய் விட்டுவிட்டு மனசு கேட்காமல் வாசலிலேயே நின்றிருந்தேன். உள்ளே டீச்சரின் குரல்: "எல்லாரும் கையக் கட்டு, வாயப் பொத்து!" முப்பது பிள்ளைகளும் சட்டென்று அடங்கின. அந்த அமைதி எனக்குத் தெரிந்ததுதான். அறுபது வருஷத்துக்கு முந்தி நானும் அதற்குள் உட்கார்ந்திருந்தேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அமைதியை வேறு எப்படித்தான் கொண்டுவருவதாம்? இதற்கு ரோம் நகரத்தில், கிட்டத்தட்ட தற்செயலாக, ஒரு பதில் கிடைத்தது.

சான் லொரென்சோ அன்று ரோமின் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. ஒரு கட்டட நிறுவனம் அங்கிருந்த குடியிருப்புகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டெல்லாம் ஓடி, புதுச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கின. பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டால் பராமரிப்புச் செலவு மிச்சம் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. பொறுப்பை ஏற்றவர் மரியா மாண்டிசோரி என்ற டாக்டர். 1907 ஜனவரி 6 அன்று, சுமார் ஐம்பது பிள்ளைகளோடு 'குழந்தைகளின் வீடு' திறந்தது. உலகமே பின்னால் பேசிய அந்த அறை, முதலில் சுவருக்காகத் திறந்த அறை!

மாண்டிசோரி கைவைத்தது அறையில்தான். அந்தக் காலத்துப் பள்ளிகளில் பெஞ்சையும் மேசையையும் சேர்த்தே அடித்திருப்பார்கள். பிள்ளை அசைய முடியாது. இவர் மூன்று வயதுப் பிள்ளையே தூக்கி நகர்த்தக்கூடிய லேசான நாற்காலிகளைச் செய்யச் சொன்னார். தள்ளிவிட்டுச் சத்தம் போடுமே என்ற ஆட்சேபத்துக்கு, விழுகிற சத்தமே பிள்ளைக்கு நிதானத்தைக் கற்றுத்தரும் என்பது அவர் பதில். ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துபோனார். வந்து பார்த்தால் பிள்ளைகள் வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தன. ஆசிரியை கண்ணுக்கு அது திருட்டு. தனக்கு எது வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதே என்று மாண்டிசோரி பார்த்தார். பூட்டு போயிற்று, கைக்கெட்டும் உயரத்தில் தாழ்வான அலமாரிகள் வந்தன.

அங்கே ஒரு மூன்று வயதுச் சிறுமி, மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்ற பிள்ளைகளைச் சுற்றிப் பாடவிட்டார்கள். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவள் நிமிரவே இல்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்து, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல முகம் மலர்ந்து நிமிர்ந்தாள். யாரும் அவளை "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு நாள் முற்றத்தில் ஒரு தாயிடமிருந்து நான்கு மாதக் கைக்குழந்தையை வாங்கி வகுப்புக்குள் கொண்டுவந்தார். இவ்வளவு அமைதியாக உங்களால் இருக்க முடியுமா, அதன் மூச்சு எவ்வளவு மெல்லிசு பாருங்கள் என்று விளையாட்டாகக் கேட்டார். பிள்ளைகள் கைகாலை அடக்கி மூச்சைக் கவனித்தன. கடிகாரத்தின் டிக் டிக் கேட்க ஆரம்பித்தது. அதட்டி வாங்கிய அமைதியில் அதெல்லாம் கேட்காது, பயம்தான் கேட்கும்.

இந்தக் கதைக்குள் ஒரு வலி உண்டு. அந்த அறை திறந்தபோது மாண்டிசோரிக்கு எட்டு வயதில் ஒரு மகன், மரியோ. கல்யாணம் ஆகாமல் பிறந்தவன் என்பதால் கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். ஊரார் பிள்ளைகளுக்கு வீடு அமைத்தவரால் தன் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பதினைந்து வயதை ஒட்டித்தான் அவன் தாயோடு வந்து சேர்ந்தான். அப்புறமும் ஊருக்கு அவன் உறவுக்காரப் பையன்தான்.

கதையின் அடுத்த கட்டம் நம்ம அடையாறில். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைக்க, 1939 நவம்பரில் தாயும் மகனும் சென்னை வந்தார்கள். ஓலைக் கொட்டகையில் நடந்த முதல் பயிற்சிக்கு இந்தியா முழுவதிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் வந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாயார் அடையாறை விட்டு வெளியே போகக்கூடாது. ஆகஸ்ட் 31, அவருக்கு 70 வயது நிறைந்த நாள். பிறந்தநாள் பரிசாக உங்கள் மகனைத் திருப்பி அனுப்புகிறோம் என்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. 'உங்கள் மகன்' என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. பிறகு சில வருஷம் கொடைக்கானலிலும் இருந்து வேலை செய்து, 1946இல் ஐரோப்பா திரும்பினார்கள்.

இன்று 'மாண்டிசோரி' என்று போர்டு இருந்தால் ஃபீஸைக் கேட்டுத் தலை சுற்றுகிறது. முதல் அறையில் இருந்ததோ கூலிக்காரர்களின் பிள்ளைகள். தாழ்வான அலமாரிக்கும் சின்ன நாற்காலிக்கும் பெரிய காசு ஆகாது. விலை அதிகமானது அவகாசம்தான். முப்பது பிள்ளைகளையும், முடிக்க வேண்டிய போர்ஷனையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிற டீச்சரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

மத்தியானம் கூப்பிடப் போனேன். பேத்தி படியில் உட்கார்ந்து செருப்பின் வாரைக் கொக்கியில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். நான் குனிந்தேன். "தாத்தா, நானே!" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.