நஞ்சு விற்றவனுக்குத் தண்டனை

பேராவூரணிப் பக்கத்தில் தென்னை இல்லாத தோட்டம் அரிது. கல்லணைக் கால்வாயின் கடைமடையாகிய எங்கள் பகுதியில் நெல் வாடிய ஆண்டுகளிலும் தென்னை குடும்பங்களைக் காத்தது. 2018ஆம் ஆண்டுக் கஜா புயல் அம்மரங்களைச் சாய்த்ததை நேயர்கள் அறிவார்கள். அந்தத் தென்னையில் பாளை சீவிக் கள் இறக்குவது 1987 முதல் குற்றமாக இருந்து வருகிறது. கள்ளுக்காக நான் வாதாட வரவில்லை. எனினும், கலப்பில்லாத கள்ளைக் குடித்து ஒரு தெரு முழுவதும் ஒரே இரவில் மாண்டதாக நான் கேட்டதில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தின் கதை வேறு.

மெத்தனால் வண்ணப்பூச்சுக்கும் ரசாயனத் தொழிலுக்கும் பயன்படும் திரவம். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணின் நரம்பையே தாக்கும். குடித்தவுடன் சாதாரண போதைதான் தெரியும். பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கும், மூச்சு முட்டும். அதற்குள் விற்றவன் காசை எண்ணி முடித்திருப்பான்.

இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. கடை திறந்திருந்த காலத்திலும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை என்பதே இவ்வரலாற்றில் என்னை வருத்துவது. அரசின் கடைக்குக் கொடுக்கப் பணமில்லாத கூலிக்காரன் பாக்கெட்டைத் தேடிப் போனான். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

அந்த ஜூன் மாதம் முடிவதற்குள் சட்டசபை 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. விற்ற சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுட்காலக் கடுங்காவலும், பத்து லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பிள்ளையை இழந்த தாயிடம் போய் இது மிகை என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் பிற மாகாணங்களின் அனுபவத்தையும் பார்க்கவேண்டும். கேரளத்தில் 1982இல் வைப்பின் தீவில் எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தபின் சட்டம் கடுமையாயிற்று. 2000இல் கல்லுவாதுக்கல்லில் 31 பேர் இறந்தனர். முக்கியக் குற்றவாளி ஆயுள் தண்டனை பெற்றார். குஜராத்தில் 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபின், இக்குற்றத்துக்குத் தூக்குத் தண்டனையே விதிக்கப்பட்டது. 2022 ஜூலையில் அதே குஜராத்தின் போட்டாட் ஜில்லாவில் மறுபடியும் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

ஏன்? பாக்கெட் விற்பவனுக்குத் தன் கையிலுள்ளது எந்தச் சாராயம் என்பதே பலசமயம் தெரியாது. தெரியாததற்கு எப்படி அஞ்சுவான்? தண்டனை அவனைச் சேரும். பீப்பாயை வெளியே விட்டவன் தூரத்தில் இருப்பான். மரக்காணத்து மெத்தனால் ஒரு ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து வந்ததென்று போலீஸாரே கூறினர். மெத்தனாலுக்கும் வார்னிஷுக்கும் உரிம விதிகள் நம் மாகாணத்தில் 1959ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுவிட்டன. எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை லிட்டர் செலவாயிற்று என்று ஆலையின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்க ஓர் அதிகாரியும் ஒரு பேனாவும் போதும்.