ஆப் கிராஷ் ஆகலை, ஆனா ஸ்க்ரீன்ல தப்பான தகவல்: டேட்டா பைண்டிங் பிழைகளைப் பிடிப்பது எப்படி?

மருந்துக் கடை ஒன்றுக்கான பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரையின் இருப்பு 40 அட்டை. அதில் 2 விற்றாகிவிட்டது. டேட்டாபேஸில் 38 என்று சரியாகப் பதிவாகியிருக்கிறது. பிரேக்பாயின்ட் வைத்துப் பார்த்தால் வேரியபிளிலும் 38தான். ஆனால் கவுன்ட்டரில் இருப்பவர் பார்க்கும் ஸ்க்ரீனில் இன்னமும் 40.

எர்ரர் மெசேஜ் எதுவும் இல்லை. டெஸ்ட் எல்லாம் பாஸ். "கோட் சரியாத்தானே இருக்கு, அப்புறம் ஏன்?" என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்த எண்ணை நம்பி ஒருவர் இல்லாத சரக்குக்கு ஆர்டர் எடுத்திருப்பார்.

ஆப் கிராஷ் ஆனால் உடனே தெரிந்துவிடும். பயனர் போன் செய்வார், ரிப்போர்ட் வரும். ஸ்க்ரீன் பழைய எண்ணைக் காட்டினால் யாருக்கும் சந்தேகம்கூட வராது. டேட்டா பைண்டிங் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ரகம். அவற்றை எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்று பார்ப்போம்.

டேட்டா பைண்டிங் என்றால் என்ன?

ஆப்பின் உள்ளே இருக்கும் தகவலையும், ஸ்க்ரீனில் அது தெரியும் இடத்தையும் இணைக்கும் ஏற்பாடுதான் டேட்டா பைண்டிங். "இந்த டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பு என்ற ப்ராப்பர்ட்டியைக் காட்டு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் எண் மாறும்போது நீங்கள் போய் ஸ்க்ரீனைத் திருத்த வேண்டியதில்லை.

மைக்ரோசாஃப்டின் ஜான் காஸ்மேன் 2005-இல் எம்விவிஎம் என்ற வடிவமைப்பு முறையை விளக்கி எழுதினார். 2006-இல் வந்த டபிள்யூபிஎஃப் அதற்கு அடித்தளமாக அமைந்தது. ஆண்ட்ராய்டுக்கான டேட்டா பைண்டிங் லைப்ரரியை கூகுள் 2015-இல் அறிவித்தது. ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ 2019-இலும், மைக்ரோசாஃப்டின் டாட் நெட் மௌயி 2022-இலும் வந்தன. பெயர்கள் வேறு, வேலை ஒன்றுதான்.

இதற்கு நான்கு விஷயங்கள் ஒன்றாக அமைய வேண்டும். தகவல் எந்த ஆப்ஜெக்டில் இருக்கிறது, அதில் எந்த ப்ராப்பர்ட்டி, அது மாறினால் யார் சொல்வது, ஸ்க்ரீனில் எந்த வடிவத்தில் காட்டுவது. இதில் ஒன்று பிசகினாலும் இணைப்பு அறுந்துவிடும்.

ஏன் சத்தமே வருவதில்லை?

டபிள்யூபிஎஃப்-இல் ப்ராப்பர்ட்டியின் பெயரை ஸாமல் கோப்பில் வெறும் எழுத்துகளாகத்தான் எழுதுகிறோம். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கிறதா என்று கம்பைலர் பார்ப்பதில்லை. ஆப் ஓடும்போதுதான் தேடல் நடக்கிறது. கிடைக்காவிட்டால் அந்த இடம் காலியாக விடப்படுகிறது, ஆப் தொடர்ந்து ஓடுகிறது. ஒரு சின்ன லேபிளுக்காக முழு ஆப்பும் நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் அதன் விலையை டீபக் செய்யும் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கே பார்ப்பது?

கோடைத் தொடுவதற்கு முன்னால் விஷுவல் ஸ்டுடியோவின் அவுட்புட் விண்டோவைப் பாருங்கள். பெயர் தவறாக இருந்தால் டபிள்யூபிஎஃப் அங்கே எர்ரர் 40 என்று எழுதி வைத்திருக்கும். எந்தப் பெயரைத் தேடியது, எந்த ஆப்ஜெக்டில் தேடியது என்ற இரண்டு விவரமும் அதே வரியில் இருக்கும். புதிய பதிப்புகளில் ஸாமல் பைண்டிங் ஃபெயிலியர்ஸ் என்று தனி விண்டோவே இருக்கிறது.

அங்கேயும் ஒன்றும் இல்லையா? அதற்காக எல்லாம் சரி என்று முடிவு செய்துவிடாதீர்கள். தேடும் வழியில் ஏதாவது ஒரு ஆப்ஜெக்ட் நல் ஆக இருந்தால், டபிள்யூபிஎஃப் வழக்கமாக அதை எர்ரராக எழுதாது. "இன்னும் டேட்டா வரலை போல" என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். அப்போது சந்தேகமுள்ள பைண்டிங்கில் மட்டும் டிரேஸ் லெவலை ஹை என்று வையுங்கள். அந்த ஒரு இணைப்பு அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு இடமும் அவுட்புட்டில் வரும்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. வந்த மதிப்பை அப்படியே திருப்பித் தரும் ஒரு கன்வர்ட்டரை எழுதி, அதில் பிரேக்பாயின்ட் வையுங்கள். பிரேக்பாயின்ட் அடிக்கவே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஆப்ஜெக்ட், பெயர் பக்கம். சரியான மதிப்போடு அடித்தால் கோளாறு ஸ்க்ரீன் பக்கம். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அறிகுறியை வைத்து நோயைப் பிடிக்கலாம்

ஸ்க்ரீன் எப்படித் தப்பாக இருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

ஆரம்பத்திலிருந்தே காலி: ஆப்ஜெக்ட் அல்லது பெயரில் சிக்கல். டேட்டா கான்டெக்ஸ்ட்டை வைத்தீர்களா? மௌயியில் இதற்கு பைண்டிங் கான்டெக்ஸ்ட் என்று பெயர். நீங்கள் காட்ட நினைப்பது பப்ளிக் ப்ராப்பர்ட்டிதானா? வெறும் ஃபீல்டாக இருந்தால் டபிள்யூபிஎஃப் அதைக் கண்டுகொள்ளாது. பெயரில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் இருந்தாலும் அவ்வளவுதான்.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் "நீக்கு" பட்டன் வைத்து, அது வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. அந்த வரிக்குள் போனதும் டேட்டா கான்டெக்ஸ்ட் மாறிவிடுகிறது. பட்டன் தன் கமாண்டை அந்த ஒரு மருந்தின் ஆப்ஜெக்டில் தேடுகிறது, நீங்களோ அதை முழுப் பக்கத்தின் வியூமாடலில் எழுதியிருக்கிறீர்கள். ரிலேட்டிவ் சோர்ஸ் கொடுத்து மேலே போய்த் தேடச் சொல்ல வேண்டும்.

முதலில் சரியாக வந்தது, பிறகு மாறவே இல்லை: மருந்துக் கடை உதாரணத்தில் வந்த 40 இந்த ரகம். மதிப்பு மாறியதை ஸ்க்ரீனுக்கு யாரும் சொல்லவில்லை. டாட் நெட் உலகில் இதைச் சொல்வது ப்ராப்பர்ட்டி சேஞ்ச்டு என்ற ஈவென்ட். அதை எழுப்பாமல் மதிப்பை மட்டும் மாற்றினால் ஸ்க்ரீனுக்குத் தெரியாது. செட்டரைத் தவிர்த்து உள்ளே இருக்கும் ஃபீல்டை நேரடியாக மாற்றினாலும் இதே கதைதான்.

கணக்கிட்டு வரும் ப்ராப்பர்ட்டிகளில் கூடுதல் கவனம் தேவை. எண்ணிக்கை மாறினால் மொத்தத் தொகையும் மாறும். ஆனால் எண்ணிக்கைக்கு மட்டும் ஈவென்ட் எழுப்பினால் தொகை பழையபடியே நிற்கும். இரண்டுக்கும் எழுப்ப வேண்டும்.

ஸாமலில் பைண்டிங் போட்டுவிட்டு, வேறு எங்கோ கோடில் அதே லேபிளுக்கு நேரடியாக ஒரு மதிப்பைக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் தேடுங்கள். ஒன்வே பைண்டிங்காக இருந்தால், அந்த ஒரு வரி இணைப்பையே கழற்றிப் போட்டுவிடும். பைண்டிங் அழியாமல் மதிப்பை மட்டும் மாற்ற செட் கரன்ட் வேல்யூ என்ற மெத்தட் இருக்கிறது.

பட்டியலில் புதிய வரி வரவில்லை: சாதாரண லிஸ்ட்டில் சேர்த்தால் யாருக்கும் தகவல் போகாது. அப்சர்வபிள் கலெக்‌ஷன் தேவை. அதுவும் சேர்ப்பதையும் நீக்குவதையும் மட்டும்தான் சொல்லும். ஏற்கெனவே இருக்கும் ஒரு மருந்தின் விலை மாறினால், அதை அந்த மருந்து ஆப்ஜெக்டேதான் சொல்ல வேண்டும். பின்னணி த்ரெட்டிலிருந்து டபிள்யூபிஎஃப் பட்டியலில் சேர்த்தால் நேரடியாக எக்செப்ஷனே வரும். ஒரு வகையில் அது நல்லது, கோளாறு உடனே தெரிந்துவிடுகிறதே.

டைப் செய்தது சேமிக்கப்படவில்லை: டபிள்யூபிஎஃப் டெக்ஸ்ட் பாக்ஸில், கர்சர் அந்தப் பெட்டியை விட்டு வெளியே போகும்போதுதான் மதிப்பு உள்ளே போகும். அதுதான் டீஃபால்ட். டூல்பாரில் உள்ள சேவ் பட்டனை அழுத்தும்போது, டூல்பார் தனி ஃபோகஸ் எல்லையாக இருப்பதால் பெட்டி தன் ஃபோகஸை இழந்ததாகவே கணக்கில் வராது. விளைவு, கடைசியாக டைப் செய்த பெட்டியின் மதிப்பு மட்டும் சேமிப்பில் விடுபடும். "பத்துல ஒரு தடவைதான் சார் இப்படி ஆகுது" என்று பயனர் சொன்னால், கடைசியாக எந்தப் பெட்டியில் டைப் செய்தார் என்று கேளுங்கள். அப்டேட் சோர்ஸ் டிரிகரை ப்ராப்பர்ட்டி சேஞ்ச்டு என்று மாற்றினால் தீரும்.

தேதியும் தொகையும் மாறித் தெரிகிறது: இந்தியாவில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது. விண்டோஸில் இந்திய அமைப்பு இருந்தாலும், டபிள்யூபிஎஃப் பைண்டிங் டீஃபால்ட்டாக அமெரிக்க ஆங்கில வழக்கத்தையே பின்பற்றும். 12,34,567 ரூபாய் 1,234,567 என்று தெரியும். அது கண்ணை உறுத்துவதோடு போகும். தேதி அப்படியல்ல. சப்ளையருக்குப் பணம் கட்ட ஜூன் 5 கடைசி நாள் என்றால் ஸ்க்ரீனில் 6/5/2026 என்று வரும். நம்மூரில் அதை மே 6 என்றுதான் வாசிப்பார்கள்.

டைப் செய்யும்போதும் இதே குழப்பம். 25/06/2026 என்று அடித்தால் 25-ஆம் மாதம் இல்லாததால் பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும். ஆனால் 12-ஆம் தேதி வரை எதை அடித்தாலும் நாளும் மாதமும் இடம் மாறி, சத்தமில்லாமல் பதிவாகிவிடும். மாதக் கடைசியில் டெஸ்ட் செய்தால் மாட்டும் பிழை, மாத ஆரம்பத்தில் டெஸ்ட் செய்தால் தப்பித்துவிடும். ஆப் தொடங்கும் இடத்திலேயே, எல்லா ஸ்க்ரீனுக்கும் பொதுவான லாங்க்வேஜ் ப்ராப்பர்ட்டியைப் பயனரின் கணினி அமைப்புக்கு மாற்றிவிடுங்கள்.

மொபைலில் என்ன வித்தியாசம்?

ஆண்ட்ராய்டு டேட்டா பைண்டிங்கில் தவறான பெயர் பில்ட் நேரத்திலேயே மாட்டிக்கொள்ளும். அந்த மட்டில் நிம்மதி. ஆனால் லைவ் டேட்டாவை லேஅவுட்டில் இணைத்துவிட்டு லைஃப்சைக்கிள் ஓனரைக் கொடுக்க மறந்தால், மாற்றங்கள் ஸ்க்ரீனுக்கு வராது. இதற்கு எர்ரரும் வராது.

ஸ்டேட்ஃப்ளோவில் வேறொரு பொறி இருக்கிறது. புதிய மதிப்பு பழைய மதிப்புக்குச் சமமாக இருந்தால் அது அறிவிப்பே அனுப்பாது. அதே லிஸ்ட்டுக்குள் ஒரு பொருளைச் சேர்த்து, அதே லிஸ்ட்டைத் திரும்பக் கொடுத்தால் "இதுல என்ன மாறுச்சு?" என்று இருந்துவிடும். பழையதோடு புதிய பொருளைச் சேர்த்து, புதிய லிஸ்ட்டாகக் கொடுக்க வேண்டும். ஜெட்பேக் கம்போஸிலும் இதே கவனம் தேவை.

ஸ்விஃப்ட்யூஐ-இல், ஒரு வியூ தானே உருவாக்கும் ஆப்ஜெக்டை அப்சர்வ்டு ஆப்ஜெக்ட் என்று குறித்தால், மேலே உள்ள வியூ புதுப்பிக்கப்படும்போது அது மறுபடி பிறந்து, பயனர் உள்ளிட்டதெல்லாம் காணாமல் போகலாம். 2020-இல் வந்த ஸ்டேட் ஆப்ஜெக்ட் இதற்காகத்தான். பின்னணி த்ரெட்டிலிருந்து பப்ளிஷ்டு மதிப்பை மாற்றினால் எக்ஸ்கோட் ஊதா நிறத்தில் எச்சரிக்கும். "ஆப் ஓடுதுல்ல" என்று அதை ஒதுக்காதீர்கள்.

மறுபடி வராமல் தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். மௌயியில் எக்ஸ்-டேட்டாடைப் என்று எந்த வகை ஆப்ஜெக்ட் வரும் எனச் சொல்லிவிட்டால், பெயர்களைக் கம்பைலரே சரிபார்க்கும். பயனரிடம் போயிருக்க வேண்டிய பிழை உங்கள் மேஜையிலேயே நின்றுவிடும். ஈவென்ட் எழுப்பும்போது பெயரை எழுத்துகளாக அடிக்காமல், 2015-இல் சி ஷார்ப் 6-உடன் வந்த நேம்-ஆஃப் வசதியைப் பயன்படுத்துங்கள். எண்ணிக்கையை மாற்றினால் மொத்தத் தொகைக்கும் ஈவென்ட் எழுகிறதா என்று ஒரு யூனிட் டெஸ்ட் எழுத ஐந்து நிமிடம் போதும்.

கடைசியாக ஃபால்பேக் வேல்யூ பற்றி. பைண்டிங் தோற்றால் காட்ட வேண்டிய மாற்று மதிப்பு இது. ஸ்க்ரீன் காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று பலர் இதில் 0 போட்டுவிடுகிறார்கள். "இருப்பு 0" என்பது ஒரு தகவல். அதை நம்பி ஒருவர் மறுபடி சரக்கு வரவழைப்பார், அல்லது "மருந்து இல்லை" என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவார். "தகவல் இல்லை" என்று போடுங்கள். மதிப்பு தெரியாதபோது, தெரியவில்லை என்று சொல்லும் ஸ்க்ரீனைத்தான் பயனர் நம்ப முடியும்.