கூலி: ஒரு சொல்லின் கடற்பயணம்

கூலி (பெயர்ச்சொல்): வேலைக்குப் பெறும் ஊதியம். திருக்குறளின் 619ஆம் பாடலிலேயே, உழைப்பு ஈட்டித் தரும் பயன் என்ற பொருளில் இது உண்டு.

ஆங்கிலத்துக்குப் போன 'கூலி' ஊதியத்தை விட்டு ஆளைக் குறித்தது. அதன் வேர் தமிழ்க் கூலியா, குஜராத்தின் கோலி சமூகப் பெயரா என்பதில் அகராதிகள் ஒன்றுபடவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம்.

1834இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும், மொரிஷியஸ், கயானா, டிரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்கள் ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் மேல் ஒட்டிய இந்தப் பெயர் வசையாக மாறியது. தென்னாப்பிரிக்காவில் இன்றும் அது வசைதான்.

அந்த வசையைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் எழுத்தாளர்கள். மார்ட்டினிக் கவிஞர் எமே செசேர் கறுப்பர் அடையாளத்துக்கு முன்வைத்த 'நெக்ரிட்யூட்' என்ற சொல்லின் அச்சில், மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 'கூலிட்யூட்' என்ற சொல்லை வார்த்தார். அந்தச் சொல்லை முன்வைத்த அவருடைய கவிதை நூல் 1992இல் வந்தது.

கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கயூத்ரா பகதூர், 2013இல் வெளியிட்ட நூலுக்கு 'கூலிப் பெண்' என்றே பெயரிட்டார். 1903இல் கல்கத்தாவிலிருந்து கர்ப்பிணியாகத் தனியே கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவின் தடத்தை, ஆவணக் காப்பகங்களில் அவர் தேடிய கதை அது.