தற்காப்பு உரிமையும் களத்துக்கு வெளியே விளையாட்டு வீரர்களும்

தற்காப்பு உரிமை என்பது, தன் உடலையோ பிறர் உடலையோ சொத்தையோ தாக்குதலிலிருந்து காக்க ஒருவர் பலத்தைக் கையாள்வதைக் குற்றமாகக் கருதாத சட்ட விதி. புதுச்சேரியில் இன்று இதற்குப் பொருந்துபவை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதான் எண் மாறி வந்திருக்கின்றன. ஆடுகளத்துக்கு வெளியே அடிதடியில் இறங்கும் விளையாட்டு வீரர்களுக்கென்று தனிப் பிரிவு எதுவும் அதில் இல்லை. ஆனாலும் அவர்களுடைய கையை நீதிமன்றம் வேறு கண்ணோடு பார்ப்பதுண்டு.

புதுச்சேரிக்கு இந்த உரிமை முதலில் வந்தது பிரெஞ்சு வழியில். 1819இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே அமலானபோது, நெப்போலியன் காலத்து 1810ஆம் ஆண்டுத் தண்டனைத் தொகுப்பும் உடன் வந்தது. தன்னையோ பிறரையோ காக்கும் உடனடித் தேவையால் நேர்ந்த கொலையும் காயமும் குற்றமல்ல என்றது அதன் 328ஆம் பிரிவு. இரவில் சுவரேறியும் கதவை உடைத்தும் வருபவனை எதிர்ப்பதையும் அடுத்த பிரிவு அதில் சேர்த்துக்கொண்டது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. இந்த மாற்றத்தில்தான் மெக்காலே வரைவில் பிறந்த 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் பிரெஞ்சுத் தொகுப்பின் இடத்தைப் பிடித்தது.

சட்டம் போடும் எல்லைக்கோடு இரண்டு. போலீசிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்க அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் அடித்தாலும் கிடையாது. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழும்போது உரிமை பிறக்கிறது, அச்சம் தீர்ந்ததும் முடிகிறது. விழுந்து கிடப்பவனை மறுபடி மிதித்தால் அது தற்காப்பில் சேராது. அதே நேரம், முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயிர் போகும் நெருக்கடியில் இருப்பவரின் பதிலடியைத் தங்கத் தராசில் நிறுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம், 2010ஆம் ஆண்டு தர்சன் சிங் வழக்கில். எதிராளியைக் கொல்லும் அளவுக்கு உரிமை நீளும் ஏழு சூழல்களை 38ஆம் பிரிவு சொல்கிறது. பாலியல் வன்முறை அவற்றில் ஒன்று. 2012இல் மதுரையில், மகளிடம் பாலியல் வன்முறைக்கு முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அந்தக் கணவன் இறந்தான். அன்றைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க், இது தற்காப்பு என்று சொல்லி அந்தத் தாயை விடுவித்தார்.

களத்துக்குள் நடப்பது வேறு கணக்கு. 25ஆம் பிரிவின் உதாரணமே வாள்வீச்சுதான். விளையாடச் சம்மதித்த இருவர், முறைகேடில்லாத ஆட்டத்தில் படும் காயத்துக்கும் சம்மதித்தவர்களே. இந்தச் சம்மதம் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கே செல்லும். குத்துச்சண்டை மேடையை விட்டு இறங்கியதும் அது காலாவதி.

ஆட்டத்துக்கு வெளியே அடிப்பது தற்காப்பாகுமா என்ற கேள்வி புதுச்சேரி கிரிக்கெட்டில் 2025 டிசம்பரில் நேரடியாக எழுந்தது. 19 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர், வலைப்பயிற்சி நடக்கும் இடத்திலேயே தாக்கப்பட்டார். தலையில் தையல் போடும் அளவுக்குக் காயம். அணியில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில் உள்ளூர் வீரர்கள் மூவர் தாக்கியதாகப் புகார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படும்வரை அது குற்றச்சாட்டுதான். ஆனால் புகாரில் உள்ளபடியே நடந்திருந்தால், தற்காப்பு என்ற வாதத்துக்கு அங்கே வேலையே இல்லை. அணித் தேர்வில் விடுபடுவது உடலுக்கு வரும் ஆபத்தல்ல.

கருப்புப் பட்டை வாங்கியவர் தன் கையைப் போலீசில் ஆயுதமாகப் பதிய வேண்டும் என்று கராத்தே வகுப்புகளில் ஒரு பேச்சு உண்டு. இந்தியாவில் அப்படி விதி இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவின் வழக்கு. 1988 டிசம்பர் 27 அன்று பாட்டியாலாவில் வண்டி வழிவிடும் தகராறில் 65 வயது முதியவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். 1999இல் விசாரணை நீதிமன்றம் சித்துவை விடுவித்தது. 2006இல் உயர் நீதிமன்றம் மூன்றாண்டு சிறை என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம், சாதாரணக் காயம் விளைவித்த குற்றத்துக்காக ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு நிறுத்தியது. 2022 மே 19இல் அதே நீதிமன்றம் சீராய்வில் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர் போன்ற உடற்கட்டு உள்ளவரின் கை தானே ஆயுதமாகலாம் என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியக் கருத்து. ஆயிரம் ரூபாய்க்கும் ஓராண்டுச் சிறைக்கும் நடுவே நின்றது இந்த ஒரு பார்வைதான் என்றால் மிகையில்லை.

தற்காப்பு வாதம் வென்ற வழக்கும் உண்டு. 2017 செப்டம்பரில் பிரிஸ்டல் நகர இரவு விடுதிக்கு வெளியே நடந்த சண்டையில் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் அடித்த அடியில் ஒருவருக்குக் கண்குழி எலும்பு முறிந்தது. வசைக்கு ஆளான இருவரையும் தன்னையும் காக்கவே அடித்ததாக ஸ்டோக்ஸ் சொன்னார். 2018 ஆகஸ்ட் 14இல் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. அதற்குள் அவர் ஆஷஸ் தொடரை இழந்திருந்தார். விடுதலைக்குப் பிறகும், ஆட்டத்துக்கு அவப்பெயர் தேடித்தந்ததாகக் கிரிக்கெட் ஒழுங்கு ஆணையம் எட்டு ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் போட்டது. சங்கங்களுக்குத் தற்காப்புச் சட்டம் பெரிதல்ல, பெயர்தான் பெரிது.

நடைமுறையில் இத்தகைய வழக்கு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் உருவாகிறது. அடிபட்டவர் போய்ச் சேர்ந்ததும் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில், எத்தனை பேர், கையாலா மட்டையாலா, எத்தனை மணிக்கு என்று ஒரு வரி விழும். எலும்போ பல்லோ உடைந்திருந்தால் அது கொடுங்காயம். தண்டனை ஏழாண்டு வரை போகலாம். எதிர்த்தரப்பும் வேறொரு ஆஸ்பத்திரியில் படுத்துக் கவுன்டர் கேஸ் கொடுப்பது வழக்கம். தற்காப்பு என்று சொல்பவர் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஏ.ஆர். காப்பியின் அந்த ஒரு வரி அவர் சொல்வதோடு முரண்பட்டால், குறுக்கு விசாரணை அங்கிருந்தே தொடங்கும்.