காலிக் கோட்டை: சுவருக்குச் சட்டம் உண்டு, அயலவருக்கு?



நாள் வாடகைக்கு வீடு விடுவது பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறோம். யார் அனுமதி கொடுப்பது, யார் வரி எடுப்பது, பக்கத்து வீட்டுக்காரர் யாரிடம் போய் முறையிடுவது என்று கேள்விகள் நீளுகின்றன. இதை நேற்று வந்த விஷயமாக நினைக்கிறோம். காலியின் வரலாற்றைப் பார்த்தால் அப்படி இல்லை.

1344இல் இப்னு பதூதா பாவா ஆதம் மலைக்கு ஏறி இறங்கி, தெற்குக் கரை வழியாகக் காலிக்கு வந்தார். அங்கே இப்றாஹீம் என்ற கப்பல் தலைவர் தன் இடத்தில் வைத்து விருந்து கொடுத்ததாகத் தன் பயணக் குறிப்பில் சொல்கிறார். அப்போது கோட்டை இல்லை, போர்த்துக்கேயர் இல்லை. காலியில் வந்து தங்கிய ஒரு பயணியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று, ஒரு முஸ்லிமின் உபசரிப்பைப் பற்றியது.

அந்த உபசரிப்புக்கும் ஒரு விதி இருந்தது. விருந்தாளியின் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தர்மம். வீட்டுக்காரரைச் சங்கடத்தில் தள்ளும் அளவுக்கு விருந்தாளி தங்கக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுங்கு இது. விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் இதில் ஒரே நேரத்தில் பாதுகாப்பு இருக்கிறது. அயலவரின் உரிமையோ நம் மார்க்கத்தில் இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. பின்னால் வந்த சட்டங்கள் யாரைக் கவனித்தன, யாரை மறந்தன என்று பார்க்க இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்வோம்.

1588இல் போர்த்துக்கேயர் இங்கே அரண் கட்டத் தொடங்கினார்கள். 1640இல் ஒல்லாந்தர் காலியைப் பிடித்து இன்றுள்ள பெரிய கோட்டையாக ஆக்கினார்கள். முஸ்லிம் வணிகர்களின் குடியிருப்பையும் தொழிலையும் அவர்கள் பல கட்டளைகளால் நெருக்கினார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்த பிறகு அந்தப் பிடி மெல்லத் தளர்ந்தது. நீராவிக் கப்பல்கள் காலியில் நின்று போன காலத்தில், 1860களில், ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்று ஓரியண்டல் ஹோட்டலாக மாறியது. 1865இல் மாநகர சபைகளுக்கான கட்டளைச் சட்டமும் வந்தது. தங்குமிடம், சுகாதாரம், அனுமதிப் பத்திரம் எல்லாம் உள்ளூராட்சியின் கைக்கு வரத் தொடங்கிய காலம் அது.

பிறகு கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்தது. 1880களில் கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலி துறைமுகம் அடங்கியது. அந்த அமைதியில்தான் கோட்டை ஒரு குடியிருப்பாக வேரூன்றியது. நீதிமன்றங்கள், அரச அலுவலகங்கள், இரத்தினக்கல் வியாபாரம் செய்த நம் குடும்பங்கள், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், அரபுக் கல்லூரி என்று அது ஒரு முழு ஊராக இருந்தது.

சுதந்திரத்துக்குச் சற்று முன்னும் அதற்குப் பிறகும் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கம். பின்னாளில் அதில் சேர்ந்த ஓர் ஏற்பாடு, சுற்றுலாச் சபையில் பதிந்த ஹோட்டல், விடுதிகளிடம் முந்திய ஆண்டு வருமானத்தின் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாமல் அனுமதிக் கட்டணம் எடுக்க இடம் கொடுத்தது. 1966இல் இலங்கை சுற்றுலாச் சபைச் சட்டம் வந்தது. 1968இன் 14ஆம் இலக்கச் சட்டம் சுற்றுலாச் சேவைகளைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. 1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1994இல் காலி மரபுரிமை மன்றத்துக்குச் சட்டம் வந்தது.

இவை எதைக் கவனித்தன? சபை கட்டணத்தையும் சுகாதாரத்தையும் பார்த்தது. சுற்றுலாச் சபை விருந்தாளியின் வசதியைப் பார்த்தது. மரபுரிமைச் சட்டங்கள் சுவரையும் ஓட்டையும் தூணையும் பார்த்தன. எல்லாம் தேவையானவைதான். ஆனால் அந்தச் சுவருக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று எண்ணுவது எவருக்கும் கடமையாக இருக்கவில்லை.

2002இல் அந்த இடைவெளி வெளியே தெரிந்தது. வெளிநாட்டவர் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்குச் சமமாக, நூற்றுக்கு நூறு வரி கட்ட வேண்டும் என்று 1963 முதல் இருந்த விதி அந்த ஆண்டு நீக்கப்பட்டது. கோட்டை வீடுகளுக்குத் திடீரென்று டொலரில் விலை பேசப்பட்டது. 2004இல் வரி திரும்ப வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சுனாமி காலி பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் அடித்துப் போனபோது, மதில் கோட்டையைக் காத்தது. ஆனால் அதற்குள் பல வீடுகள் கைமாறியிருந்தன. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை இறுக்கிய சட்டம் 2014இல்தான் வந்தது.

இதில் வெளிநாட்டவரை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையில்லை. வீட்டை விற்றவர்கள் நாம்தான். ஏன் விற்றோம்? ஒரு பழைய வீட்டுக்கு, வாப்பா மௌத்தான பிறகு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பத்து, பதினைந்து பங்குக்காரர்கள். திருத்த வேண்டுமென்றால் மரபுரிமை விதிப்படிதான் திருத்த வேண்டும். அதற்குச் செலவு அதிகம். பங்கு பிரிக்க மிகச் சுலபமான வழி விற்பது. மார்க்கம் பங்கைத்தான் கடமையாக்கியது. கூட்டாக வைத்து, வாடகையைப் பங்கிடுவதற்கு அது தடை போடவில்லை. அதை நாம் யோசிக்கவில்லை.

2005இன் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்படி இன்றைய சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. விருந்தினர் இல்லம், பங்களா, வாடகை வீடு, ஹோம்ஸ்டே என்று பதிவு வகைகள் இருக்கின்றன. இவற்றில் ஹோம்ஸ்டே மற்றவற்றைப் போன்றது அல்ல. குடும்பம் அங்கேயே வாழ்ந்துகொண்டு அறை கொடுப்பது அது. இப்றாஹீம் கப்பல் தலைவரின் உபசரிப்புக்கு மிக நெருக்கமானது அதுதான். 2008இல் தொடங்கிய ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் அந்த வீடும் ஆளில்லாத வில்லாவும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

மற்ற நகரங்கள் இந்த வித்தியாசத்தைத்தான் சட்டமாக்கின. 2023 செப்டெம்பர் முதல் நியூயோர்க்கில், 30 நாளுக்குக் குறைவாக வீடு கொடுப்பவர் நகரத்தில் பதிய வேண்டும், தானும் அந்த வீட்டில் தங்கியிருக்க வேண்டும், இரண்டு விருந்தாளிகளுக்கு மேல் எடுக்க முடியாது. அம்ஸ்டர்டாமில் சொந்த வீட்டை ஆண்டுக்கு 30 இரவுக்கு மேல் கொடுக்க முடியாது. பார்சிலோனா, சுமார் 10,000 சுற்றுலாக் குடியிருப்புகளின் அனுமதியை 2028க்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024இல் அறிவித்தது. அங்கேயும் எதிர்ப்பு இருக்கிறது, வழக்குகள் இருக்கின்றன. ஆனாலும் அந்த விதிகள் குடியிருப்பவரிலிருந்து தொடங்குகின்றன.

அதே கடுமை நமக்குப் பொருந்தாது. ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்மார் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களின் வருமானத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. நாம் கேட்க வேண்டியது மூன்று. வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டுக்குப் பதிவு இலகுவாகவும் கட்டணம் குறைவாகவும் இருக்கட்டும். ஆளில்லாத வாடகை வீடுகளுக்கு ஒவ்வொரு தெருவிலும் ஓர் எல்லை இருக்கட்டும். சத்தம், குப்பை, வாகனம் பற்றி அயலவர் முறையிட ஒரு பொறுப்பாளரின் பெயர் வாசலில் இருக்கட்டும்.

மதில் நானூறு ஆண்டு நிற்கலாம். ஆனால் ஒரு தெருவில் ஜனாஸாவைத் தூக்கத் தோள் இல்லாமல் போனால், அது ஊரல்ல. காலிக்கு மட்டுமல்ல, இப்போது வீடுகள் வேகமாக விடுதியாகும் நம் கரையோர ஊர்களுக்கும் இது பாடம். உங்கள் பிரதேச சபையில் இதற்கு உபவிதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பங்கு வீடு விற்கப் பேச்சு நடந்தால், விற்கும் முன் ஒரு தடவை எல்லோரும் கூடி உட்காருங்கள்.

அயலவரின் உரிமையைப் பேணுகிறவர்களில் அல்லாஹ் நம்மை ஆக்குவானாக.